பயிற்சிக் கட்சிக்காரி

கண்டக்குழிப் பளீலாவுக்கு ஒரே வருடத்தில் நாலு தடவை விவாகரத்து ஆகியிருக்கிறது. லொறி மோதி அவளுடைய மாடு செத்திருக்கிறது. உண்மையில் அவளுக்கு மாடே கிடையாது. கணவரோ மௌத்தாகும்வரை அவளை விட்டுப் பிரிந்ததேயில்லை.

புத்தளத்தில், புடைவைக் கடையொன்றின் மேல்மாடியில், இலவசச் சட்ட உதவி நிலையம் ஒன்று இருக்கிறது. அங்கே தேநீர் ஊற்றுவதும் தூசி தட்டுவதும் பளீலாவின் வேலை. கொழும்பிலிருந்து சட்ட மாணவர்கள் பயிற்சிக்கு வருவார்கள். பல்கலைக்கழகத்தில் அவர்களுக்கு விருப்பப் பாடங்கள் பல. சந்திரனில் வேலி போட்டவன்மேல் எங்கே வழக்கு வைப்பது என்று படித்தவர்களும் அவர்களில் உண்டு. கட்சிக்காரரோடு கதைப்பதும் ஒரு விருப்பப் பாடம்தான். விருப்பமில்லாதவர்கள் அதைப் படிக்காமலே சட்டத்தரணியாகலாம், ஆகியும் இருக்கிறார்கள். விரும்பி வந்தவர்களுக்கு, நிஜமான ஏழையைத் தொடுமுன் பழகிப் பார்க்க ஒரு பொய்யான ஏழை தேவை. ஒருநாள் நடிக்க வேண்டியவர் வரவில்லை. நிலையத்துச் சட்டத்தரணி டொறத்தி மிஸ், தேநீர்த் தட்டோடு நின்ற பளீலாவைப் பிடித்துக் கதிரையில் உட்கார்த்திவிட்டார்.

அன்றிலிருந்து, பின்னேரக் கற்பிட்டி பஸ்ஸில் பளீலா தனியாகப் போனதில்லை. அன்று அவள் நடித்த கட்சிக்காரியும் யன்னலோரம் கூட வருவாள். பாலாவி உப்பளங்களில் வானம் இறங்கிக் கிடக்கும். வெள்ளையாய்க் குவிந்திருப்பது உப்பா மேகமா என்று தெரியாது. நுரைச்சோலை அனல்மின் நிலையப் புகைக்குழாயைத் தாண்டும்போது, இல்லாத மாட்டுக்கு ஒரு பெயரும் வைத்திருப்பாள்.

பஸ்ஸை விட்டு இறங்கினால் கூடப்பிறந்த மூத்தவர் நெய்னார் நானா இருந்தார்.

பளீலா இருக்கும் வீடு, கலியாணத்தின்போது வாப்பா அவளுக்குக் கொடுத்தது. வாயால் கொடுத்தார், காணி உறுதிப் பத்திரத்தில் இன்னும் அவர் பெயர்தான், அவரோ மௌத்து. காற்றுக் காலத்தில், இடுப்பில் பட்டம் கட்டிக்கொண்டு கடலில் ஓடுவதற்கென்றே வெள்ளைக்காரர்கள் கண்டக்குழிக்கு வருகிறார்கள். அவர்களுக்கு வாடகைக்கு விட முன்னறை வேண்டும், நீ குசினிப் பக்கம் இருந்துகொள் என்றார் நானா. சீசன் முடியத் திரும்பி வரலாமாம். எந்தச் சீசன் என்று சொல்லவில்லை. பெருநாளைக்கு முன் சாமான்களை எடுத்துவிட வேண்டும் என்பதை மட்டும் தெளிவாகச் சொன்னார்.

வேலை செய்யும் இடத்திலேயே சட்டத்தரணி இருக்கிறார், கேட்டிருக்கலாம். ஆனால் கூடப்பிறந்தவன்மேல் முறைப்பாடு வைத்தாள் என்ற கதை, பஸ்ஸுக்கு முன் ஊர் போய்ச் சேர்ந்துவிடும்.

சிலாபத்து மாணவி கௌசல்யாவுக்கு அன்று கடைசிப் பயிற்சி, பரீட்சைப் புள்ளியும் உண்டு. மிஸ் எழுதிக் கொடுத்தது சம்பளம் கிடைக்காத உப்பளத் தொழிலாளியின் கதை. அது பளீலாவுக்கும் மிஸ்ஸுக்கும் மட்டுமே தெரியும். மாணவி கேட்டுக் கேட்டுத்தான் அறிய வேண்டும். பளீலா உப்பு அள்ளத் தொடங்கினாள். இரண்டாம் வாக்கியத்தில் உப்பு கரைந்தது. மூன்றாவதில் முன்னறை வந்தது.

மூலையில் மிஸ்ஸின் பேனை நின்றது. ஆனால் அவர் குறுக்கிடவில்லை.

எல்லாம் கற்பனை என்று நம்பியதால், நிஜக் கட்சிக்காரியிடம் கேட்கக் கூசுவதையெல்லாம் கௌசல்யா கேட்டாள். நானா கெட்டவரா? இல்லை, கணவர் மௌத்தாகி அவள் வெளியே போகாமல் இத்தா இருந்த காலமெல்லாம் வீட்டுச் சாமான் வாங்கிப் போட்டவர் அவர்தான். அவரிடம் பயமா? இல்லை, வெட்கம்.

"சரி அக்கா, உங்களுக்கு என்ன நடக்கோணும்?"

"முன்னறையும் வேணும் மகள். நானாவும் வேணும்."

கௌசல்யா படித்ததை விரல் மடக்கி எண்ணினாள். "வீடு இன்னும் பங்கு பிரிக்கேல்ல. அவருக்கும் பங்கிருக்கு, உங்களுக்கும் இருக்கு. உங்கள வெளியேத்த அவருக்கு ஏலாது. அறைக்குச் சட்டம் இருக்கு அக்கா. நானாவுக்கு இல்ல."

பிறகு புள்ளிக்காக மிஸ்ஸைத் திரும்பிப் பார்த்தாள்.

"புள்ளி போட ஏலாது பிள்ள. நான் எழுதின கதை இது இல்ல."

எங்கேயோ பிழை விட்டுவிட்டோம் என்று கௌசல்யாவின் முகம் வாடியது. அப்போதுதான் பளீலா முக்காட்டு நுனியால் கண்ணைத் துடைப்பதைக் கண்டாள். செத்த மாட்டுக்கு அழுதபோது பளீலா ஊரைக் கூட்டியவள். இந்த அழுகையில் சத்தமே இல்லை.

மத்தியஸ்த சபைக்குப் போகலாம், அது வழக்கல்ல, கதைப்பது மட்டும்தான் என்றார் மிஸ். பளீலா வெறுந்தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். பல நாள் கழிந்து ஒரு காலையில் தேநீரை வைத்துவிட்டு, "போவோம் மிஸ்" என்றாள் பளீலா.

ஞாயிற்றுக்கிழமை சபை கூடியது, கற்பிட்டியில் ஒரு பாடசாலை வகுப்பறையில். அங்கே சட்டத்தரணிகள் யாருக்காகவும் பேச முடியாது. ஆகவே சில விஷயங்கள் முடிவதும் உண்டு. கௌசல்யா பின்னால் பார்வையாளராக இருந்தாள். சின்னப் பிள்ளைகளின் வாங்கில், முழங்கால் நெஞ்சில் முட்ட, நெய்னார் நானா உட்கார்ந்திருந்தார். சுற்றுலாத்துறையின் எதிர்காலத்தை விளக்க அந்த உயரம் அவருக்குத் தோதாக இல்லை.

பளீலா மெல்லத்தான் பேசினாள். முன்னறையை விட்டுப் போகமாட்டாள். பின்வளவில் தனி வாசற்படலை வைத்து நானா அறை கட்டிக்கொள்ளட்டும், அதற்கு அவள் தடையில்லை.

நானா முழங்காலை இறக்கப் பார்த்தார், வாங்கு விடவில்லை. "வாப்பா குடுத்ததுதான். நான் இல்லண்டு செல்லல்ல" என்றார் கடைசியில். இருவரும் ஒப்பம் வைத்தார்கள்.

வெளியே வந்து நானா மோட்டார் சைக்கிளை உதைத்தார். திரும்பிப் பார்க்கவில்லை, போகவுமில்லை. பளீலா ஏறிக்கொண்டாள்.

காற்று இரண்டு பேர் வாயையும் அடைத்தது. கடல் பக்கம் பட்டங்கள் நிறம் நிறமாய் மிதந்தன. வீடு தெரிகிற வளைவில் நானா வாயைத் திறந்தார்.

"வெள்ளக்காரனுக்குக் காலையில இடியப்பம் அவிச்சித் தருவியா?"

"தாறன் நானா. அதையும் எழுதி ஒப்பம் வெச்சிட்டு."

நானாவின் முதுகு குலுங்கியது. சிரித்தாரா என்று உறுதியாகச் சொல்ல முடியாது. அந்த இடத்தில் ரோட்டிலும் குழி இருக்கிறது.