சென்னையை அப்புறம் பார்த்துக்கலாம்

வரி என்ற சொல்லை யாராவது என் முன்னால் எடுத்துவிட்டால் போதும், அரை மணி நேரத்துக்கு நான் வாயை மூடமாட்டேன். விசைத்தறித் துணியை ஏற்றிப்போகும் மினி லாரி ஓட்டுகிறவன் நான். வண்டிக்கு வரி, டீசலில் வரி, டயரில் வரி, போகிற வழியெல்லாம் டோல். இத்தனையும் கொடுத்துவிட்டு மழைக்காலத்தில் குண்டும் குழியுமான ரோட்டில் நாலு ஊர் சுற்றி வந்தால் இடுப்பு கழன்றுவிடுகிறது. சென்னையில் மட்டும் பாலத்துக்கு மேல் பாலம் கட்டுகிறார்கள். சம்பாதிப்பது நாம், சொகுசு அவர்களுக்கா என்று எங்கள் ஊர் டீக்கடையில் ஆரம்பித்தால் கேட்க ஆள் கூடிவிடும். கோயம்புத்தூர் கணபதியில் கடை கடையாகச் சரக்கு இறக்கும்போதும் இதே பேச்சுதான், அங்கேயும் ஆமாம் போட ஆள் உண்டு.

என் அக்கா மட்டும் ஆமாம் போடமாட்டாள். 'பேசிப்போட்டயா? வந்து சோறு உண்ணு' என்பாள்.

எங்கள் அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் தோட்டத்தில் கூலிக்குப் போனவர்கள். அக்காவும் அந்தத் தோட்டத்தில்தான் களை பறித்தாள். பிறகு தறிக்கூடத்தில் நூல் சுற்றும் வேலைக்குப் போனாள். அந்தக் கூலியில்தான் நான் படித்தேன், லாரி பழகினேன். சின்ன வயதில் வரப்பில் விழுந்ததிலிருந்து அவளுக்கு இடது கால் இழுக்கும். அவள் வீட்டுக்காரர் தவறிய பிறகு என் வீட்டுக்குப் பக்கத்திலேயே தனியாக இருக்கிறாள். வேலையை விட்டுவிடு, நான் சோறு போடுகிறேன் என்று எத்தனையோ தடவை சொல்லிவிட்டேன்.

'கை ஓடுற வரைக்கும் என் சோத்த நானே தின்னுக்கறேன் கண்ணு' என்பாள். அதற்கு மேல் பேசினால் கோபம் வந்துவிடும்.

கருமத்தம்பட்டிக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். வீடுகள் பெரிய ரோட்டுக்கு இந்தப் பக்கம், தறிக்கூடங்கள் அந்தப் பக்கம். ரோட்டின் நடுத் தடுப்பில் ஆள் நடக்கிற அளவுக்கு ஓர் இடைவெளி இருந்தது. அதன் வழியாகத்தான் அக்காவும் மற்றப் பெண்களும் தினமும் வேலைக்குப் போய்வந்தார்கள்.

ரோட்டை அகலப்படுத்தப் போகிறோம், கருத்துச் சொல்லலாம் என்று சமுதாயக் கூடத்தில் ஒரு கூட்டம் போட்டார்கள். வந்திருந்த இன்ஜினியர் இளவயதுக்காரர், ராமநாதபுரம் மாவட்டத்துக்காரர். அது தெரிந்ததும் எனக்குச் சலங்கை கட்டிவிட்ட மாதிரி ஆகிவிட்டது. மைக்கைப் பிடுங்காத குறையாக வாங்கினேன்.

'ஏனுங்க சார், நாங்க கட்டுற வரியில உங்க ஊருக்கெல்லாம் ரோடு போட்டுக்கறீங்க. எங்களுக்கு என்னங்க செஞ்சீங்க?' என்றேன். எவ்வளவு திட்டினாலும் 'ங்க' போடாமல் திட்ட எங்களுக்கு வராது.

கூடம் அதிர்ந்தது. சென்னை, டோல், மறுபடியும் சென்னை என்று ஒரு மணி நேரம் ஆளாளுக்குப் பேசினோம். நடுவில் பின்வரிசையில் அக்கா கையைத் தூக்கினாள். நான் பார்த்தேன். 'இரு அக்கா, முக்கியமான விஷயம் பேசிட்டிருக்கறமல்ல' என்று மைக்கிலேயே சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள். அக்கா கையை இறக்கிக்கொண்டாள். கூட்டம் முடிந்ததும் இன்ஜினியருக்கு இளநீர் வெட்டிக் கொடுத்து அனுப்பினோம். அன்றைக்கு நான் ராஜா மாதிரி வீட்டுக்கு நடந்தேன்.

வேலை தொடங்கி ஆறேழு மாதத்தில் ரோடு அகலமாகிவிட்டது. நல்ல ரோடுதான், குறை சொல்லமாட்டேன். ஆனால் நடுவில் முழு நீளத்துக்கும் இடுப்புயரக் கான்கிரீட் தடுப்பு வந்துவிட்டது, நடந்து போகிற இடைவெளியும் அடைபட்டுவிட்டது. அடுத்த திருப்பம் வரைக்கும் நடந்து, மறுபக்கம் அதே தூரம் திரும்ப வேண்டும். அக்காவின் காலுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல்.

நாலு நாள் தாமதமாகப் போனாள். ஐந்தாம் நாள் தறிக்கூடக்காரர், 'அம்மணி, நேரத்துக்கு வர முடியலீன்னா சொல்லிப்போடுங்க, வேற ஆளு பார்த்துக்கறனுங்க' என்று மரியாதையாகவே சொல்லியிருக்கிறார். இதை அக்கா என்னிடம் சொல்லவில்லை.

மறுநாள் காலை லாரியில் வந்துகொண்டிருந்தேன். தடுப்பின் மேல் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். ஒரு கால் இந்தப் பக்கம், இழுக்கிற கால் அந்தப் பக்கம், சேலை ஏதோ கம்பியில் மாட்டியிருந்தது. அவளை உரசுகிற மாதிரி பஸ்கள் போயின. கிட்டே வந்ததும்தான் அது அக்கா என்று தெரிந்தது. வண்டியை எங்கே நிறுத்தினேன், எப்படி ஓடினேன் என்று இன்றுவரை ஞாபகமில்லை. சேலையை விடுவித்து அவளை இறக்கினேன். அந்த இடத்திலேயே கண்டபடி திட்டினேன்.

'உசிரு போயிருந்தா என்னக்கா செய்யறது?'

'வேலை போயிருந்தா என்ன கண்ணு செய்யறது?' என்றாள்.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு நேராக ரோட்டு அலுவலகத்துக்குப் போனேன். அதே இன்ஜினியர் இருந்தார். யாரைக் கேட்டு அடைத்தீர்கள் என்று கத்தினேன். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டார்.

'உட்காருங்கண்ணே' என்று சொல்லி, கூட்டக் குறிப்பை எடுத்து என் பக்கம் திருப்பி வைத்தார். இரண்டு பக்கம் நிறைய நாங்கள் பேசியது இருந்தது. வரி இருந்தது, டோல் இருந்தது, சென்னை எத்தனையோ தடவை இருந்தது. நடந்து கடக்கிற வழியைப் பற்றி ஒரு வரிகூடக் கிடையாது.

'பின்னாடி ஒரு அக்கா கை தூக்கினாங்க. அப்பவே நான் கேட்டிருக்கணும், என் தப்பும்தான். நீங்க இருங்கன்னுட்டீங்க' என்றார்.

'அது எங்கக்காங்க' என்றேன். சொல்லும்போதே அழுதுவிட்டேன். வெட்கக்கேடு, ஆபீசில் அவ்வளவு பேர் நடுவில்.

அவர் தண்ணீர் கொடுத்தார். 'எங்க ஊர் ரோட்டப் பத்தி அன்னைக்குச் சொன்னீங்கள்ல. முன்னாடி மழை பெஞ்சா பஸ் வராதுண்ணே. ரோடு வந்தப்புறந்தான் என் தங்கச்சி காலேஜுக்குப் போச்சு. அது உங்க வரிதான்னா, நன்றிண்ணே' என்றார். குத்திக்காட்டுகிறாரோ என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை, மனசாரச் சொன்னார்.

'படிச்சு முடிச்சுதுங்களா?'

'டீச்சரா இருக்குண்ணே.'

நல்லது என்று சொன்னேன். நல்லதுதானே, அதில் எனக்கென்ன வயிற்றெரிச்சல்? எங்களுக்குக் கொடுக்க வேண்டியதைக் கொடு என்பது வேறு, அந்தப் பெண் காலேஜுக்குப் போனது வேறு. இத்தனை வருடம் இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்டிருந்திருக்கிறேன்.

ரோட்டுக்கு அடியில் நடைபாதை கேட்கலாம் என்றார். எந்த நேரத்தில் எத்தனை பேர் கடக்கிறார்கள் என்று மூன்று நாள் எண்ணிக் கொடுங்கள், ஊர்க்காரர்கள் மறுபடியும் ஒரு கூட்டத்தில் அதைக் கேட்கட்டும், நான் மேலே எழுதுகிறேன் என்றார். அக்கா தறிக்கூடத்தில் மூன்று நாள் லீவு சொன்னாள், நானும் அவளும் முறை போட்டுக்கொண்டு ரோட்டோரம் உட்கார்ந்தோம். ஓர் ஆள் தடுப்பில் ஏறிக் கடந்தால், நூல் தீர்ந்த ஒரு காலிக் குழலைச் சாக்கில் போடுவாள் அக்கா. மூன்று நாளில் சாக்கு நிறைந்து வாய் கட்ட முடியவில்லை. அத்தனை தடவை யாரோ ஒருவர் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு தாண்டியிருக்கிறார்கள்.

அடுத்த கூட்டத்தில் பழக்க தோஷத்தில் மைக்கை என்னிடமே கொடுத்தார்கள். நானும் பழக்க தோஷத்தில், 'சென்னைக்கு மட்டும்' என்று ஆரம்பித்துவிட்டேன். பின்வரிசையில் அக்கா கையைத் தூக்கினாள். நான் பாதியில் நிறுத்திவிட்டு மைக்கை அவளிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

அக்கா எழுந்து நின்றாள். சாக்கை முன்னால் இழுத்து வைத்தாள். 'சென்னைய அப்புறம் பார்த்துக்கலாங்க. நாளைக்குக் காத்தால நான் எப்படிங்க ரோட்டத் தாண்டறது?' என்றாள். அவ்வளவுதான், உட்கார்ந்துவிட்டாள். இன்ஜினியர் குனிந்து எழுதிக்கொண்டிருந்தார்.

அதே வாரம் தற்காலிகமாகத் தடுப்பில் ஒரு வழி திறந்து, வேகத்தடை போட்டு, காலையும் மாலையும் ஓர் ஆளை நிற்க வைத்தார்கள். ரோட்டுக்கு அடியில் பாதை வருவதற்கு அடுத்த வருடம் ஆனது. இடையில் எத்தனை நடை நடந்தோம் என்பதை விட்டுவிடுகிறேன். தறிக்கூடக்காரரும் கூட வந்தார், இளநீரோடு.

பாதை திறந்த அன்று காலை அக்காவோடு நானும் நடந்தேன். படிக்குப் பதில் சாய்வாகத்தான் போட்டிருந்தார்கள், அவளுடைய காலுக்குச் சிரமமே இல்லை. தலைக்கு மேல் லாரிகள் ஓடுகிற சத்தம் கேட்டது. அந்தப் பக்கம் வெயிலுக்கு வந்ததும் எனக்கு மனசு நிறைந்துவிட்டது, ஏதாவது பேச வேண்டும் போல் இருந்தது. 'பாத்தியாக்கா, கேட்டா கிடைக்குதல்ல, இதே மாதிரி சென்னைக்காரங்ககிட்டயும்' என்று தொடங்கினேன்.

அக்கா சாப்பாட்டுத் தூக்கை மறு கைக்கு மாற்றிக்கொண்டாள்.

'இனி நீ எவ்வளவு நேரம் வேணாலும் பேசு கண்ணு' என்றாள். 'எனக்கு வேலைக்கு நேரமாச்சு.'