கூழ் அண்டாவும் ஆடுகிற ஸ்டியரிங்கும்

எங்கள் பிக்கப் வண்டி எங்களிடம் வரும்போதே இரண்டு பேரிடம் உழைத்துவிட்டு வந்தது. முன்னால் இரண்டு பேர் உட்காரலாம். பின்னால் திறந்த தொட்டி. பிளைவுட், பீரோ, வீடு மாற்றுகிறவர்களின் தட்டுமுட்டுச் சாமான் என்று எது கிடைத்தாலும் ஏற்றிக்கொண்டு என் வீட்டுக்காரர் ஓட்டுவார். அதை வாங்கிய அன்றைக்கே நான் வீராம்பட்டினத்து அம்மன் முன்னால் நின்று ஒரு வேண்டுதல் வைத்தேன். இந்த வண்டி எங்களுக்குச் சோறு போடட்டும் தாயே, வருஷா வருஷம் ஆடி வெள்ளியில் என் அடுப்பில் கூழ் காய்ச்சி, இதே வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து உன் வாசலில் ஊற்றுகிறேன் என்று. நான் கேட்டபடி அவள் செய்தாள். சோறு போட்டாள். அதனால் நானும் ஒரு வருஷம்கூடத் தவறியதில்லை.

தவறவில்லையே தவிர, போன ஆடியில் மானம் போயிற்று. முதலியார்பேட்டையில் எங்கள் வீட்டு வாசலில் ஏற்றும்போது அண்டாவில் கழுத்துவரை கூழ். நான் தொட்டியில் உட்கார்ந்து அண்டாவைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன். வண்டி குதித்தது பாருங்கள்! சின்னக் கல் ஒன்று சக்கரத்தில் பட்டால்கூட என் பல்லும் பல்லும் இடித்துக்கொள்ளும். பாலம் தாண்டி அரியாங்குப்பத்துக்குள் நுழைவதற்குள் கூழில் பாதி என் சேலையில் இருந்தது. கோயில் வாசலில் காத்திருந்த என் அண்ணன் மனைவி என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"என்னாடி இது? அம்மனுக்கு ஊத்தச் சொன்னா நீ குளிச்சிட்டு வந்து நிக்கிற?"

அந்த வருஷம் முழுக்க எந்தக் கல்யாணத்தில் என்னைப் பார்த்தாலும் "சேலை காஞ்சிடுச்சா?" என்று கேட்டாள்.

இந்த வருஷம் ஆடிக்கு இரண்டு மாதம் இருக்கும்போது குதிப்பதோடு இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. வண்டி நேராகப் போக மறுத்தது. இவர் ஸ்டியரிங்கை ஒரு பக்கம் திருப்புவார். வண்டி கொஞ்சம் யோசித்துவிட்டுத் திரும்பும். சந்தைக்கு எழுந்து போங்கள் என்று நான் சொன்னால் இவர் எவ்வளவு நேரம் யோசிப்பாரோ, கிட்டத்தட்ட அவ்வளவு நேரம்.

"ரோடு சரியில்லம்மா" என்றார்.

"பீச் ரோடு பக்கம் தெருவெல்லாம் நூல் புடிச்ச மாதிரிதானே இருக்குது? அங்கயும்தானே ஆடிச்சி?"

நம் ஊரில் வண்டி ஆடினால் வண்டியை யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். ஓட்டுகிறவரைத்தான் சந்தேகப்படுவார்கள். ஒரு நாள் போக்குவரத்துப் போலீஸ்காரர் நிறுத்தி, ஊதச் சொல்லியிருக்கிறார். வாழ்நாளில் சோடாவுக்கு மேல் எதையும் குடிக்காத மனுஷன். ஊதியதில் வெற்றிலை வாசம்தான் வந்ததாம். "அப்புறம் ஏன்யா இப்படி ஓட்டுற?" என்று கேட்டதற்கு, "வண்டிக்கு வயசாயிடுச்சி சார்" என்று சொல்லிவிட்டு வந்தார். அன்றைக்கு ராத்திரி சாப்பிடும்போது ரொம்ப நேரம் தலையைத் தூக்கவே இல்லை. நானும் அன்றைக்கு ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள்தான் சொன்னேன்.

எதிர் வீட்டில் ஒரு சொல்தா மாமா இருக்கிறார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் வேலை பார்த்து, பென்ஷன் வாங்கிக்கொண்டு இருப்பவர். எங்கள் தெருவில் எந்த வண்டிக்கு எது வந்தாலும் அவர் ஒரே வைத்தியம்தான் சொல்வார்.

"நோன், நோன். அதெல்லாம் இல்ல. காத்து ஜாஸ்தி. டயர்ல காத்தை எறக்கு. பட்டாளத்துல பாலைவனத்துல நாங்க அப்படித்தான் ஓட்டினோம்."

முதலியார்பேட்டை எப்போது பாலைவனம் ஆயிற்று என்று நான் கேட்கவில்லை. பெரியவர். இவர் காற்றை இறக்கினார். குதிப்பது ஒரு நூல் குறைந்தது. ஆனால் வண்டி முன்னைவிட அதிகமாக அலைந்தது. கோரிமேட்டுக்குக் கிளம்பினால் வில்லியனூருக்குப் போய்விடும்போல இருந்தது. மறுநாளே காற்றைத் திரும்ப ஏற்றிக்கொண்டு வந்தார்.

"நீங்க கிரீஸ் அடிக்கிறதே இல்ல" என்றேன். "பட்டை பட்டையா அடியில இருக்குதே ஸ்பிரிங், அது கெழவி மாதிரி மொனகுது. கிரீஸ் அடிக்கிற ஆளு வண்டியா இது?"

"மாசா மாசம் அடிக்கிறேன்."

"யாரு பார்த்தா?"

"அம்மன் பார்த்தா."

சாமியைச் சாட்சிக்கு இழுத்ததும் நான் விட்டுவிட்டேன். ஆனால் நம்பவில்லை.

ஆடி வெள்ளிக்கு எட்டு நாள் இருந்தது. இவர் மெல்ல ஆரம்பித்தார். இந்த வருஷம் கூழைக் கோயில் பக்கத்திலிருக்கும் என் அண்ணன் வீட்டிலேயே காய்ச்சிக்கொண்டால் என்ன? இல்லாவிட்டால் வேறு வண்டி பிடித்துக்கொள்ளலாமே? என் அடுப்பு, இந்த வண்டி என்று வாய்விட்டுச் சொல்லி வேண்டியது நான். அவள் தன் பங்கைச் செய்துவிட்டாள். நான் மட்டும் வண்டி சரியில்லை என்று சாக்குச் சொல்லிக்கொண்டு எந்த முகத்தோடு போய் நிற்பது?

"பாய்கிட்ட போவோம்" என்றேன். "நானும் வரேன். நீங்க போனா டீ குடிச்சிட்டு வந்துடுவீங்க."

பாய் பட்டறை எங்கள் வீட்டிலிருந்து நான்கு தெரு தள்ளி. இவரைவிட மூத்தவர். அவர் அப்பா காலத்திலிருந்து அந்தக் குடும்பத்துக்கு வண்டி வேலைதான். நான் இறங்கியதும் எழுந்து ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். இவர் வண்டியின் கதையைச் சொல்ல ஆரம்பித்தார். பாய் கையைக் காட்டி நிறுத்தினார்.

"நீ சொல்லாத தம்பி. வண்டி சொல்லட்டும். நீயும் நானும் கீழ போவோம். மேல உக்காந்து ஸ்டியரிங்கை ஆட்ட ஒரு ஆள் வேணும். தங்கச்சி, நீங்க ஏறுங்க."

இத்தனை வருஷத்தில் அந்த சீட்டில் நான் உட்கார்ந்ததே இல்லை. செருப்பைக் கழற்றிவிட்டு, ஸ்டியரிங்கைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு ஏறினேன். கீழேயிருந்து பாயின் குரல் மட்டும் வந்தது.

"கொஞ்சம் இந்தாண்ட. கொஞ்சம் அந்தாண்ட. முழுசாத் திருப்பாதீங்க, தொட்டில் ஆட்டுற மாதிரி ஆட்டுங்க."

ஆட்டினேன். நாலு விரல் அகலத்துக்கு ஸ்டியரிங் என் கையில் சும்மா வந்து சும்மா போயிற்று. சக்கரம் அசையவே இல்லை.

"பார்த்தியா தம்பி? இந்தக் கம்பி முட்டு நல்லா இருக்குது. அந்த முட்டும் நல்லா இருக்குது. ஸ்டியரிங் பெட்டியும் பரவாயில்ல. ஆட்டம் சக்கரத்துகிட்ட."

வெளியே வந்து முன்பக்கம் ஜாக்கி வைத்துத் தூக்கினார். சக்கரம் அந்தரத்தில் நின்றது. மேலே ஒரு கை, கீழே ஒரு கை வைத்துப் பிடித்து ஆட்டினார். டொக் டொக் என்று கேட்டது.

"பேரிங்தான் பாய்" என்றார் இவர், எல்லாம் தெரிந்த மாதிரி.

"அவசரப்படாத. தங்கச்சி, பிரேக்கை அழுத்திப் புடிங்க."

"எது பாய் பிரேக்?"

"நடுவுல இருக்குறது. இத்தனை வருஷமா பக்கத்துல உக்காந்து பிரேக் போடுங்க, பிரேக் போடுங்கன்னு கத்தியிருப்பீங்களே, அதுதான்."

இவர் சிரித்ததைப் பார்க்க வேண்டும். நான் பல்லைக் கடித்துக்கொண்டு அழுத்தினேன். பாய் மறுபடியும் ஆட்டினார். டொக் டொக் அப்படியே இருந்தது.

"பேரிங் போயிருந்தா பிரேக் புடிச்சதும் சத்தம் நின்னிருக்கும். நிக்கல. அப்ப இது கிங் பின். சக்கரம் திரும்புறதுக்கு உள்ள ஒரு ஆணி நிக்குது பாரு, அது தேஞ்சி போச்சி. கிரீஸ் இல்லாம காஞ்சி தேஞ்சிருக்குது."

நான் சீட்டில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். ஜன்னலில் தலையை நீட்டினேன். "சொன்னேனா இல்லையா? கிரீஸ் அடிக்கிறதே இல்ல பாய், கேட்டா அம்மன் சாட்சின்றாரு."

"அடிச்சேன் பாய்! போன மாசம்கூட அடிச்சேன். பக்கவாட்டுல எல்லாம் வழிஞ்சிது, அவ்வளவு அடிச்சேன்."

"வழிஞ்சிதா?" என்று பாய் திரும்பினார். மறுபடி குனிந்து சக்கரத்துக்குப் பின்னால் போனார். பிறகு ஸ்க்ரூ டிரைவரால் எதையோ சுரண்டுகிற சத்தம். உள்ளங்கையில் ஏதோ வைத்துக்கொண்டு வெளியே வந்தார். மஞ்சளும் சிவப்புமாக, அடுக்கு அடுக்காக, கல் மாதிரி ஒரு வில்லை.

"கிரீஸ் போற குமிழ் வாயில இது இருக்குது. முன் சக்கரம் ரெண்டுகிட்டயும், ஸ்பிரிங் மாட்டியிருக்குற எடத்துலயும், ஒரு குமிழ் விடாம இருக்குது. கிரீஸ் துப்பாக்கியால அடிச்சா எப்படி உள்ள போவும்? வெளியதான் வழியும். கிங் பின்னும் காயும், ஸ்பிரிங்கும் இறுகிப்போயி குதிக்கும்." வில்லையை மோந்து பார்த்தார். "சந்தனம். நல்ல சந்தனம். யாரு தம்பி இதுக்குப் பொட்டு வெச்சது?"

இவர் மெதுவாகத் தலையைத் தூக்கி ஜன்னலைப் பார்த்தார்.

ஒவ்வொரு அமாவாசையும் வண்டிக்குப் படைப்பது நான்தான். பானட், விளக்கு, கதவு, சக்கரம் எல்லாவற்றுக்கும் சந்தனமும் குங்குமமும் வைப்பேன். முதல் வருஷம் குனிந்து பார்த்தபோது அடியில் மூக்குத்தி மாதிரி சின்னச் சின்னக் குமிழ் தெரிந்தது. பாவம், யார் கண்ணிலும் படாமல் உழைக்கிற இடமாயிற்றே, அதற்குத்தான் முதலில் வைக்க வேண்டும் என்று தோன்றியது. அன்றிலிருந்து ஒரு அமாவாசை விட்டதில்லை. தரையில் உட்கார்ந்து, கையை விட்டு, தேடித் தேடி அழுத்தி வைத்திருக்கிறேன். கெட்டியாக நிற்க வேண்டும் என்று பன்னீர் விட்டுக் குழைத்து வேறு.

"எறங்கி வாம்மா" என்றார் இவர், ரொம்ப மரியாதையாக. "கிரீஸ் அடிக்காத சோம்பேறி யாருன்னு பார்ப்போம்."

"பிரேக்கை விட்டுடலாமா பாய்?" என்று மட்டும் கேட்டேன்.

பாய் சிரிப்பை அடக்கிக்கொண்டு அந்த வில்லையைக் கீழே போடாமல் ஒரு காகிதத்தில் மடித்து என்னிடம் கொடுத்தார். "சாமிக்கு வெச்சது. கால் படற எடத்துல போடக் கூடாது. செடியில போட்டுடுங்க." பிறகு இவரிடம் சொன்னார்: "வெள்ளிக்கெழம எனக்குத் தொழுகை. வியாழக்கெழம சாயந்திரம் வண்டி உன் வாசல்ல நிக்கும். கிங் பின்னு புதுசு, குமிழ் எல்லாம் புதுசு. எனக்கு ஒரு சொம்பு கூழ் வந்தாவணும்."

சொன்னபடி வண்டி வந்தது. வெள்ளிக்கிழமை காலை அண்டாவைக் கழுத்துவரை நிரப்பி ஏற்றினோம். பாய்க்கு ஒரு சொம்பு முதலிலேயே தனியாக எடுத்து வைத்துவிட்டேன். நான் தொட்டியில் பழைய இடத்திலேயே, பழைய பயத்தோடு அண்டாவைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். பாலம் வந்தது. வண்டி ஒரு கோடு மாதிரி போயிற்று. அரியாங்குப்பம் வேகத்தடையில் கூழ் ஒரு பக்கம் ஏறி, விளிம்பைப் பார்த்துவிட்டு, திரும்ப இறங்கியது. கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

கோயில் வாசலில் என் அண்ணன் மனைவி என் சேலையைத்தான் முதலில் தொட்டுப் பார்த்தாள். "காஞ்சிருக்குதே!" என்றாள், கொஞ்சம் ஏமாற்றத்தோடு. எல்லோருக்கும் கூழ் ஊற்றி முடித்து, சன்னதியில் நின்று, மனசுக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன். தாயே, உனக்கென்று வைத்ததுதான், தெரியாமல் அடைத்துவிட்டேன் என்று. அதற்குள் பக்கத்தில் இவர் கைகூப்பிக்கொண்டு நாலு பேருக்குக் கேட்கிற மாதிரி ஆரம்பித்துவிட்டார்: "ஆத்தா, இவ பக்தியில வண்டியே படுத்துடுச்சி. பக்தியைக் கொறைக்காத. சந்தனத்தை மட்டும் கொறைச்சிக்கச் சொல்லு."

பூசாரி சிரித்துக்கொண்டே என் கை நிறையக் குங்குமம் கொடுத்தார். வெளியே வந்ததும் என் கால் பழக்கத்தில் நேராக முன் சக்கரத்துப் பக்கம் போயிற்று. குனிவதற்குள் இவர் ஓடி வந்து இரண்டு கையையும் விரித்துக்கொண்டு சக்கரத்தை மறைத்து நின்றார்.

நான் நிமிர்ந்து அவர் நெற்றியைப் பார்த்தேன்.

"இங்க வெக்கலாமா? இல்ல, இங்கயும் கிரீஸ் அடிப்பீங்களா?"

"அடிக்க மாட்டேன், வை" என்று தலையைக் குனிந்தார்.