காருக்கு வெளியே நின்றவன்

இடி இடித்துக்கொண்டிருந்த ஒரு சாயங்காலத்தில், வெடிமருந்து ஏற்றிய காருக்குள் இரண்டு பெண்களை உட்காரவைத்துக் கதவைச் சாத்திவிட்டு, நான் ஓடிப்போய் ஒளிந்துகொண்டேன்.

காருக்குள் என்ன இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். தெரிந்தே செய்தேன்!

அந்த இருவரில் ஒருத்தி இன்று என் மனைவி. இன்னொருவர் என் மாமியார். என்னைப் போல ஒரு நல்லவன் இல்லை என்று இருவரும் நம்புகிறார்கள். அந்தச் சாயங்காலத்தை வைத்துத்தான் நம்புகிறார்கள்... இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. நீங்கள் யாரென்று எனக்குத் தெரியாது. அந்த ஒரு தைரியத்தில்தான் உங்களிடம் வாய் திறக்கிறேன்.

அப்போது நான் விருதுநகரில் ஒரு கல்லூரியில் பி.காம். கடைசி வருடம் படித்துக்கொண்டிருந்தேன். எங்களுக்கு நிலபுலன் உண்டு. அப்பா பருத்தியும் மக்காச்சோளமும் போடுவார். கார் மட்டும் கிடையாது. கார் வைத்திருந்தவர் என் தாய்மாமா. பழைய கார்தான். வேன் மாதிரி உயரமாக, பக்கவாட்டில் தள்ளித் திறக்கிற கதவோடு இருக்கும். அதை ஓட்ட வேண்டும் என்பது எனக்கு ஆசையாக இருக்கவில்லை, பைத்தியமாகவே இருந்தது.

மாமாவுக்கு ஊரறிய ஒரு தொழில், அச்சகங்களுக்குக் காகிதம் வாங்கிக் கொடுப்பது. ஊரறியாமல் இன்னொரு தொழில். அனுமதியில்லாமல் வீடுகளில் செய்கிற கருந்திரியையும் கலந்த வெடிமருந்தையும் வாங்கிக் கைமாற்றிவிடுவார். கருந்திரி என்பது மருந்தில் தோய்த்து உலர்த்திய நூல்; பட்டாசுக்குள் நெருப்பைக் கொண்டுபோவது அதுதான். வீட்டில் வைத்திருந்தாலே போலீஸ் பிடிக்கும்.

"நீ காலேஜ் பையன்லே. கழுத்துல அந்த ஐ.டி. அட்டையை மாட்டிக்கிட்டு ஓட்டு, உன்னை எவன் நிறுத்தப் போறான்? திருத்தங்கல் தாண்டி லோடை எறக்கிட்டு, காரை நாளைக்கு வரைக்கும் நீயே வச்சிக்க," என்றார் மாமா.

நீயே வச்சிக்க! அதற்கே நான் விழுந்துவிட்டேன்.

ஐப்பசி மாதத்துச் சனிக்கிழமை அது. தீபாவளிக்கு முந்தைய கடைசி நேரச் சீசன். மதியத்துக்கு மேல் வானம் கறுத்துக்கொண்டு வந்தது. பின் சீட்டுக்குப் பின்னால் சாக்குகளை அடுக்கி, தார்ப்பாயைப் போட்டு மூடி, மேலே என் கல்லூரிப் பையை வைத்தார் மாமா. பிறகு ஜன்னலுக்குள் தலையை விட்டு, "ஈரம் மட்டும் பட்டுறாமப் பாத்துக்க. நனைஞ்ச மருந்து உள்ளுக்குள்ளயே சூடேறும். அப்புறம் அதுக்கு நெருப்பே வேணாம்," என்றார்.

மெயின் ரோட்டில் போலீஸ் நிற்குமோ என்று பயந்து ஒரு காட்டுப்பாதையில் திரும்பினேன். இரண்டு பக்கமும் சீமைக்கருவேலம். பாதி வழியில் மழை பிடித்துக்கொண்டது. அப்படி ஒரு மழை! வைப்பர் போன இடம் தெரியாமல் தண்ணீர் கண்ணாடியை மூடியது. தரைப்பாலத்தின் மேல் வெள்ளம் ஓடிக்கொண்டிருந்தது. நின்று பார்த்திருக்கலாம். நிற்கப் பயந்து உள்ளே விட்டேன். எதிர்க்கரை ஏறியதும் எஞ்சின் முக்கி முனகி நின்றுபோனது.

சாவியைத் திருகினேன். இழுத்தது, பிடிக்கவில்லை. மறுபடியும் திருகினேன். அப்போதுதான் உறைத்தது, ஒவ்வொரு திருகலுக்கும் எஞ்சினுக்குள் ஒரு பொறி பறக்கும் என்று. கையை வெடுக்கென்று எடுத்துவிட்டேன்.

பின்னால் சொட்டுச் சத்தம் கேட்டது.

பின்கதவின் ரப்பர் கிழிந்திருந்தது. தண்ணீர் உள்ளே வழிந்து தார்ப்பாயின் மடிப்பில் தேங்கி, அங்கிருந்து ஒரு சாக்குக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. சட்டையைக் கழற்றி அடைத்தேன். நிற்கவில்லை. சாக்கின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன். சூடாக இருந்ததா? இருந்த மாதிரி இருந்தது... என் கைச்சூடா, மருந்தின் சூடா என்று எனக்குத் தெரியவில்லை. கையை எடுத்து, மழையில் நனைத்து, மறுபடி வைத்தேன். அப்போதும் தெரியவில்லை. வாய்விட்டு அழுதேன். சட்டையை உதறி மாட்டிக்கொண்டேன். இறங்கி ஓடிவிடலாம் என்று முடிவு செய்த நேரத்தில் யாரோ கண்ணாடியைத் தட்டினார்கள்.

போலீஸ் என்றுதான் நினைத்தேன்.

இரண்டு பெண்கள். தலைக்கு மேல் ஒரு பிளாஸ்டிக் தாளைப் பிடித்திருந்தார்கள். முகத்திலும் கையிலும் வெள்ளிப் பொடி மழையில் கரைந்து கோடுகோடாக இறங்கியது. பக்கத்துப் பட்டாசுக் கம்பெனியில் வேலை செய்பவர்கள் என்று பார்த்ததுமே தெரிந்தது.

"இடி விழுதுன்னு கம்பெனில எல்லாரையும் வெளிய அனுப்பிட்டாக தம்பி. மின்னுறப்ப மருந்துப் பக்கம் நிக்கக் கூடாதுல்ல," என்றார் மூத்தவர். "மினி பஸ் வர்ற வரைக்கும் உள்ள ஒதுங்கிக்கிடலாமா?"

மருந்துப் பக்கம் நிற்கக் கூடாது என்று வெளியே வந்தவர்கள்! என்னிடம் வந்து இடம் கேட்கிறார்கள்!

இளையவள் என்னை அடையாளம் கண்டுகொண்டாள். "அம்மா, இவங்க எங்க காலேஜுதான்," என்று சொல்லிவிட்டு, அந்தக் கோலத்தில் என் முன்னால் நிற்கக் கூசித் தலையைக் குனிந்துகொண்டாள். அவள் ராஜி. எனக்கு இரண்டு வருடம் கீழே. லீவு நாளில் அம்மா பேச்சியம்மாளோடு வேலைக்குப் போவாள் என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும்.

கதவைத் தள்ளித் திறந்தேன். அந்தக் கைதான் இது. இப்போது எழுதிக்கொண்டிருக்கிறதே, இதே கைதான்.

உள்ளே ஏறிய பேச்சியம்மாள் மூக்கை உறிஞ்சினார். போச்சு, கண்டுபிடித்துவிட்டார் என்று நினைத்தேன். அவரோ மகளிடம், "நம்ம மேல அடிக்கிற வாடை தம்பி காரையே நாறடிக்குது பாரு," என்று சொல்லிச் சிரித்தார்.

அப்போதாவது சொல்லியிருக்கலாம். இறங்குங்க என்ற ஒரு சொல் போதும். ஏன் சொல்லவில்லை? சொன்னால் ஏன் என்று கேட்பார்கள். காரணம் தெரிந்தால் ஊருக்குத் தெரியும், மாமா ஜெயிலுக்குப் போவார், என் படிப்பு போகும், அப்பா தலைகுனிவார். இத்தனையும் அந்த ஒரு நொடியில் என் புத்தியில் ஓடியது. இன்னொன்றும் ஓடியது. அதையும் சொல்லிவிடுகிறேன்... பெண்கள் உட்கார்ந்திருக்கிற காரை எந்தப் போலீசும் சோதனை போட மாட்டான் என்று நினைத்தேன். ஆமாம், நினைத்தேன்!

"நீங்க உள்ள இருங்க. மெக்கானிக்குக்குப் போன் பண்ணணும், சிக்னல் இருக்கான்னு பாத்துட்டு வாரேன்," என்று சொல்லிக் கதவைச் சாத்தினேன். சாத்திய பிறகு ஓடினேன்.

கருவேலங்காட்டுக்குள் கூரை விழுந்த ஒரு மோட்டார் ரூம் நின்றது. அதன் சுவருக்குப் பின்னால் போய் ஒண்டினேன். சுவர் எவ்வளவு கனம் என்று தட்டிப் பார்த்தேன். கல்லா செங்கலா என்று பார்த்தேன். கார் வெடித்தால் எந்தப் பக்கம் சிதறும் என்று யோசித்து, அதற்கேற்ற மூலையாகப் பார்த்து நின்றேன். பயத்தில் புத்தி கெட்டுவிட்டது என்று சொல்லித் தப்பிக்க எனக்கு வழியில்லை. என் புத்தி அன்றைக்கு மிக நன்றாக வேலை செய்தது.

ஒவ்வொரு மின்னலுக்கும் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு குத்தவைத்து உட்கார்ந்தேன். இடி ஓய்ந்ததும் மெல்ல எட்டிப் பார்ப்பேன். கார் இருக்கும். மறுபடி குத்தவைப்பேன். இருக்கன்குடி மாரியம்மனை வேண்டிக்கொண்டேன். என்னைக் காப்பாற்று என்றுதான் வேண்டினேன். உள்ளே இருந்தவர்களின் நினைப்பு அந்த வேண்டுதலில் வரவேயில்லை.

ஒருமுறை எட்டிப் பார்த்தபோது ராஜி கண்ணாடியைத் துடைத்துவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். உள்ளே வாங்க என்று கையசைத்தாள். நான் மாட்டேன் என்று தலையாட்டினேன். அவள் சிரித்தாள்.

அந்தச் சிரிப்பின் அர்த்தம் எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

மழை வெறித்து, மினி பஸ்சின் ஹாரன் கேட்டபோது நான் காருக்குத் திரும்பினேன். பேச்சியம்மாள் இறங்கி வந்து, தன் முந்தானையால் என் தலையைத் துவட்டிவிட்டார்.

"இம்புட்டு இடம் கிடக்கே, உள்ள வந்து உக்காந்திருக்கக் கூடாதா? பொம்பளைக இருக்காகன்னு இப்படியா நனைவீக? உங்களைப் பெத்தவ புண்ணியவதி," என்றார்.

பஸ் போகும்வரை நின்றேன்.

அரைமணி கழித்துப் பயந்துகொண்டே சாவியைத் திருகினேன், கார் என்னமோ கிளம்பிவிட்டது. லோடு இறக்குகிற இடத்தில் மாமா காத்திருந்தார். நனைந்த சாக்கில் கை வைத்தவர் நெருப்பைத் தொட்டவர் போல இழுத்துக்கொண்டார். "ஏலே, கொதிக்குதுலே!" என்று கத்தி, அதை இழுத்துப்போய்த் தண்ணீர்த் தொட்டிக்குள் தள்ளினார். தண்ணீர் புகைந்தது. இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தால்... நீங்களே நினைத்துக்கொள்ளுங்கள். நான் தினமும் நினைத்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

திங்கட்கிழமை கல்லூரிக்குப் போனால் எல்லோரும் என்னைப் பார்த்த பார்வையே வேறு. ராஜி சொல்லியிருந்தாள். காரைக் கொடுத்துவிட்டு மழையில் நின்றவன்! கூச்சப்பட்டு வெளியே நின்ற கண்ணியவான்! நான் மறுக்கவில்லை. மறுக்காமல் இருந்தது மட்டுமா? அந்தப் பெயர் எனக்குப் பிடித்துப்போனது. அவளையும் பிடித்துப்போனது.

அவளைக் கட்டிக்கொள்ள என் வீட்டில் சம்மதிக்கவில்லை. கூலிக்காரர் வீட்டுப் பெண் என்று அப்பா குதித்தார். அதையெல்லாம் எதிர்த்து நின்றேன். அதிலே எனக்குத் தைரியம் இருந்தது. அவள் அம்மாவிடம் பெண் கேட்டுப் போனேன். ராஜியின் அப்பா அவள் சின்னப் பிள்ளையாக இருக்கும்போதே இறந்தவர். ஒரு வீட்டில் திருட்டுத்தனமாக மருந்து கலக்கும்போது தீப்பிடித்து... அவளுக்குக் கடைசியாக முகத்தைக்கூடக் காட்டவில்லையாம்.

பேச்சியம்மாள் என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டார். "உங்களைப் பத்தி எனக்குத் தெரியும் தம்பி. அன்னைக்கே பாத்துட்டேன். உங்க சொந்தத்துல யாரும் இந்தத் திருட்டு மருந்து, திரி வியாபாரம் பண்ணலேல்ல? எம்மக தாலிக்கு நான் அது ஒண்ணுதான் கேக்கேன்."

"இல்லத்தை," என்றேன்.

முதல் தடவை நான் பயந்தேன். அதற்காவது ஒரு மன்னிப்பு உண்டோ என்னவோ. இந்த இரண்டாம் தடவைக்கு?

கல்யாணமான புதிதில் ஒருநாள் ராஜி சொன்னாள்: "அன்னைக்கு நீங்க மட்டும் கார்ல வந்து உக்காந்திருந்தீங்கன்னா, நான் உங்களைத் திரும்பிக்கூடப் பாத்திருக்க மாட்டேன்." சொல்லிவிட்டு நிம்மதியாகத் தூங்கிப்போனாள். எனக்குத் தூக்கம் வரவில்லை.

மாமா பிறகு அந்தத் தொழிலை விட்டுவிட்டார். நான் இப்போது சிவகாசியில் ஒரு கம்பெனியில் கணக்குப் பார்க்கிறேன். சொந்தக் கார் இருக்கிறது. அதன் டிக்கியில் ஸ்டெப்னி டயரைத் தவிர ஒன்றும் கிடையாது. தினமும் காலையில் திறந்து பார்த்துவிட்டுத்தான் எடுக்கிறேன்.

சொல்லிவிடலாம் என்று எத்தனையோ தடவை வாய்வரை வந்திருக்கிறது. சொன்னால் என்ன ஆகும்? ராஜி போய்விடுவாளா? போனால்கூடத் தாங்கிக்கொள்வேன் என்று சில நாள் தோன்றும். பேச்சியம்மாள் என் முகத்தைப் பார்த்து ஒன்றும் பேசாமல் நிற்பாரே, அதை நினைத்துப் பேச்சை மாற்றிவிடுகிறேன்.

போன வாரம் சாயங்காலம் இடியும் மழையுமாக இருந்தது. பேச்சியம்மாள் போன் செய்தார். "மாப்ளே, கம்பெனில வெளிய அனுப்பிட்டாக. ரெண்டு பேரு கூட இருக்காக. காரை எடுத்துட்டு வாரீகளா?"

போனேன். தோழிகள் இருவரும் பின்னால் ஏறினார்கள். அவர் முன்னால் என் பக்கத்தில் உட்கார்ந்தார். மூவர் மேலும் அதே வாடை. அவர் பின்னால் திரும்பி, அன்றைய கதையை அவர்களிடம் ஆரம்பித்தார். நான் சாவியைத் திருகினேன். கார் இழுத்தது, பிடிக்கவில்லை.

மின்னல் வெட்டியது.

நான் என்ன செய்தேன் என்று எனக்கே தெரியாது. பார்த்தால் என் பக்கக் கதவு திறந்திருக்கிறது. ஒரு கால் வெளியே மழையில் இருக்கிறது.

பேச்சியம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டார். "பாத்தீகளாடி? நான் சொன்னேன்ல, இந்தப் பிள்ளை இப்படித்தான்," என்றார் பின்னால் இருந்தவர்களிடம். பிறகு என் பக்கம் திரும்பி, "இங்கன எல்லாரும் உங்களுக்கு அத்தை முறைதான் மாப்ளே. கூச்சப்படாம உள்ள வாங்க. இன்னைக்கும் நனையணுமா?" என்றார்.

நனைந்த காலை அவரே தன் முந்தானையால் துடைக்கக் குனிந்தார்.

காலை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினேன்.

"இல்லத்தை," என்றேன்.