கப்சாய் கிளட்சும் எங்கள் யோயோவும்

தொண்ணூறுகளின் கடைசியில் பிள்ளைகள் எல்லாரும் யோயோ பைத்தியமாக அலைந்தார்கள். நான் அப்போது மலேசியாவில், சுங்கை வேயில் ஒரு பிளாஸ்டிக் அச்சுப் பட்டறையில் வரைபடம் போடுபவளாக இருந்தேன். வாளி மூடியோ சோப்புப் பெட்டியோ, எதற்கு அச்சு செய்தாலும் முதலில் என் மேசையில் அதற்குப் படம் வேண்டும். அந்தப் படத்தைப் பார்த்து உருக்கைக் கடைந்து அச்சாக்குபவர் ஓர் அக்கா. என்னைவிடப் பத்து வயது மூத்தவர். போர்ட் கிள்ளானிலிருந்து தினமும் ரயிலில் வருவார்.

ஒரு நாள் முதலாளி ஒரு யோயோவைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். ஒரு பானக் கம்பெனி தன் டின்களோடு இலவசமாகக் கொடுக்க யோயோ கேட்கிறதாம். "இந்த மாதிரி வேணும். ஆனா இதையே காப்பி அடிக்கக் கூடாது," என்றார்.

நான் ஓரத்து வளைவைக் கொஞ்சம் மாற்றி, மேலே ஒரு நட்சத்திரம் போட்டால் போதும் என்றேன். அக்கா அந்த யோயோவைக் கையில் வாங்கி இரண்டு முறை வீசிப் பார்த்தார். கீழே போன வேகத்தில் திரும்பி வந்து விரல் முட்டியில் அடித்தது.

"கீழ நின்னு சுத்தவே மாட்டேங்குது லா. இதைக் கொடுத்தா எந்தப் பிள்ளை விளையாடும்?"

அந்தச் சனிக்கிழமை அவர் பிரிக்பீல்ட்ஸில் ஒரு கடையில் வெளிநாட்டு யோயோ ஒன்றைச் சொந்தச் செலவில் வாங்கினார். திங்கட்கிழமை சாப்பாட்டு நேரத்தில் சோற்றுப் பொட்டலத்தைப் பிரிக்கும் முன்பே அதைப் பிரித்துவிட்டார். உள்ளே இரண்டு ஸ்பிரிங், இரண்டு குட்டிக் கைகள், கைகளின் நுனியில் உருண்டை எடைகள்.

"ஏய், இங்க பாரேன்! இது எங்க வீட்டுக்காரர் கப்சாயோட கிளட்ச்!"

கப்சாய் என்றால் எங்கள் ஊரில் பாதிப் பேர் வேலைக்கு ஓட்டிப் போகும் சின்ன மோட்டார் சைக்கிள். அதில் வேகம் கூடினால் உள்ளே கட்டைகள் விரிந்து கிளட்ச் பிடித்துக்கொள்ளும். யோயோவில் அது தலைகீழ். வேகமாகச் சுற்றும்போது எடைகள் விரிந்து நடுத் தண்டை விட்டுவிடும். வேகம் குறைந்ததும் ஸ்பிரிங் அவற்றை உள்ளே தள்ளித் தண்டை இறுக்க, யோயோ தானாகவே கைக்கு ஏறி வரும்.

"அதையே திருப்பிப் போட்டிருக்கான் பாரு. கெட்டிக்காரன்!" என்றார் அக்கா. எங்கோ இருக்கும், முகம் தெரியாத ஒருவனைப் பக்கத்து வீட்டுப் பையனைப் பாராட்டுவது போலப் பாராட்டினார். நானும் அதே ஸ்பிரிங்கைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு அது வெறும் ஸ்பிரிங்காகத்தான் தெரிந்தது.

இலவசப் பொருளில் இத்தனை உதிரிகளைப் போட முடியாது. மறுநாள் காலை அக்கா வேறு யோசனையோடு வந்தார்.

"தையல் மெஷின் சக்கரத்தைப் பார்த்திருக்கியா? நடுவுல ஒன்னும் இருக்காது, கனம் பூரா ஓரத்துல. காலை எடுத்தாலும் அது பாட்டுக்குச் சுத்தும். நம்மளும் நடுவை மெலிசாக்கி ஓரத்தைத் தடிப்பா வைப்போம்."

ஒரு நைலான் உருளையை அப்படியே கடைந்து காட்டினார். கயிற்றின் நுனியில் அது நின்று சுற்றியது. நான் இருபதுவரை எண்ணினேன். முதலாளியும் தலையாட்டினார்.

ஆனால் அச்சு தயாராகி முதல் நாள் பிளாஸ்டிக்கை ஊற்றியபோது, தடித்த ஓரமெல்லாம் குழி விழுந்திருந்தது. வீசினால் நொண்டியடித்தது. "நட்சத்திரம் மட்டும் போட்டிருக்கலாம்," என்று முதலாளி என்னைப் பார்த்து முறைத்தார். அக்கா வாதாடவில்லை. இரண்டு நாள் ஊற்றும் மெஷின் பக்கத்திலேயே நின்றார். தடித்த இடம் ஆற நேரமாகும் என்று, மெஷின் பிளாஸ்டிக்கை அச்சுக்குள் அழுத்திப் பிடிக்கும் நேரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டச் சொன்னார். மூன்றாம் நாள் வந்ததில் ஒரு குழிகூட இல்லை.

பானக் கம்பெனியிலிருந்து டை கட்டிய ஒருவர் பார்க்க வந்தார். "யார் டிசைன் செய்தது?" என்று கேட்டார். முதலாளி என்னைக் காட்டினார். டிப்ளோமா படித்தவள் நான்தானே. ஒரு நொடி எனக்கு அது இனிக்கத்தான் செய்தது. பிறகு உடம்பெல்லாம் கூசியது.

"படம் மட்டும்தான் என்னோடது. யோசனை அந்த அக்காவோடது," என்று சொல்லி, உள்ளே போய் அவரை அழைத்து வந்தேன்.

அக்கா எண்ணெய்க் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே வந்து யோயோவை வீசினார். அது கீழே சுற்றிக்கொண்டிருக்க, தையல் மெஷின் சக்கரத்தைப் பற்றி அவருக்கு மலாயில் விளக்கினார். விளக்கி முடித்து விரலைச் சுண்டினார். யோயோ ஏறி உள்ளங்கைக்குள் வந்தது. அந்த மனிதர் சிரித்துவிட்டு, "இன்னொரு தடவை," என்றார்.

ஆர்டர் கிடைத்தது. வரைபடத்தின் மூலையில் வடிவமைத்தவர் பெயருக்கு ஒரு கட்டம் உண்டு. அதில் அக்காவின் பெயரை எழுதி முதலாளியிடம் நீட்டினேன். பெயரைப் படித்துப் பார்த்தார். பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டார்.

சில வாரம் கழித்து கிள்ளான் பஸ் நிலையத்தில் பள்ளிச் சீருடையோடு ஒரு சிறுமி எங்கள் யோயோவைச் சுற்றிக்கொண்டிருந்தாள். பஸ் வந்ததைக்கூட அவள் கவனிக்கவில்லை. நானும் என் பஸ்ஸை விட்டுவிட்டு நின்றேன். மறுநாள் ஓடிப்போய் அக்காவிடம் சொன்னேன்.

"எவ்வளவு நேரம் நின்னு சுத்துச்சு?"

"எண்ணலையேக்கா."

"என்ன பொண்ணு நீ!" என்று செல்லமாகக் கடிந்துகொண்டார். முகம் மட்டும் அன்று முழுக்க மலர்ந்தே இருந்தது.