நான் நிறுத்தச் சொன்ன பயிற்சி

ஐந்து வருடங்களுக்கு முன்பு, கிளிநொச்சி மாவட்டத்தில் ஒரு பாடசாலையில் நான் உடற்கல்வி ஆசிரியையாக இருந்தபோது நடந்தது இது. யாரிடமும் இதை முழுதாகச் சொன்னதில்லை.

உயர்தர வகுப்பில் படித்த மாணவி ஒருத்தி என்னிடம் நெடுந்தூர ஓட்டம் பழகினாள். உருத்திரபுரத்திலிருந்து விடியவே சைக்கிளில் மைதானத்துக்கு வந்துவிடுவாள். தகப்பன் இல்லை, தாய் வயல்களில் கூலி வேலை. ஐயாயிரம் மீற்றரில் எங்கள் மாவட்டத்தில் அவளை முந்த ஆளில்லை. தேசிய மட்டத்தில் வென்றால் விளையாட்டுத் தகுதியில் பல்கலைக்கழகம் போகலாம் என்று ஆசை காட்டியவளும் நான்தான்.

ஒரு நாள் தாய் பாடசாலைக்கு வந்தார். மகள் இரண்டு பெயின்ற் வாளிகளில் சீமெந்தை ஊற்றி, இரும்புக் குழாயில் கோர்த்து, அதைத் தோளில் வைத்துக் குந்தி எழும்புகிறாளாம். போனில் பார்த்துப் பழகினாளாம்.

"பொம்பிளைப் பிள்ளை, ரீச்சர். ஆம்பிளை மாதிரி உடம்பு வந்திட்டால் நாளைக்கு ஆர் கட்டுவினம்? நீங்கள் சொன்னால்தான் கேப்பாள்."

மகளைக் கூப்பிட்டேன். "ஓடுற ஆளுக்குப் பாரம் எதுக்கு? கால் தடிச்சு ஓட்டம் குறைஞ்சிடும். நிப்பாட்டு" என்றேன்.

"அது தூக்கத் தொடங்கினாப் பிறகு கடைசிச் சுற்றிலை கால் சோருறேல்லை, ரீச்சர்."

"எனக்குத் தெரியாததே உனக்குத் தெரியும்?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். உண்மையில் எனக்குத் தெரியாதுதான். நான் ஓடிய காலத்தில் எனக்குச் சொன்னதைத்தான் அவளுக்குச் சொன்னேன். சரியா பிழையா என்று யாரிடமும் கேட்டுப் பார்க்கவில்லை.

அவள் நிறுத்திவிட்டாள். அதற்குப் பதிலாக நான் ஓட்டத்தைக் கூட்டினேன். காலையிலும் ஓட்டம், பின்னேரமும் ஓட்டம். அவள் மெலிந்துகொண்டே வந்தாள். உடம்பின் எடை குறையக் குறைய வேகம் கூடும் என்று நான் சந்தோஷப்பட்டேன். முதல் சில வாரங்கள் நேரமும் குறைந்தது. ஒரு நாள் தனியாக வந்து, "மூண்டு மாசமா எனக்கு வரேல்லை, ரீச்சர்" என்றாள். "ஓடுற பிள்ளையளுக்கு அப்பிடித்தான். ஒரு கரைச்சல் குறைஞ்சுதெண்டு நினை" என்று சிரித்தேன். அவளும் சிரித்தாள்.

மாகாணப் போட்டிக்கு இரண்டு வாரம் இருக்கும்போது இடுப்படியில் நோகுது என்றாள். தைலம் பூசச் சொன்னேன். போட்டி முடியும்வரை பொறுத்துக்கொள்ளச் சொன்னேன். பொறுத்துக்கொண்டாள்.

போட்டியில் ஒன்பதாவது சுற்றில் இரண்டாவதாக ஓடிக்கொண்டிருந்தவள், எதிர்ப்பக்க வளைவில் அப்படியே விழுந்தாள். யாரும் தட்டவில்லை, கால் தடுக்கவும் இல்லை. எழும்பப் பார்த்தாள், வலது காலை ஊன்ற முடியவில்லை. நான் ஓடிப் போனபோது என் கையைப் பிடித்துக்கொண்டு, "எழுப்பி விடுங்கோ ரீச்சர், இன்னும் மூண்டரைச் சுற்றுத்தான்" என்றாள்.

தொடை எலும்பு, இடுப்போடு சேரும் இடத்தில் முறிந்திருந்தது. சத்திரசிகிச்சை செய்து ஆணி வைத்தார்கள். மறுநாள் ஒரு பெண் வைத்தியர் என்னையும் தாயையும் கட்டிலருகே நிறுத்தி, எவ்வளவு தூரம் ஓடினாள், என்ன சாப்பிட்டாள், மாதவிலக்கு ஒழுங்காக வந்ததா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். பிறகு நிதானமாகச் சொன்னார்.

"இந்த எலும்பு நேற்று உடையேல்லை. கன நாளா வெடிச்சுக்கொண்டு வந்திருக்கு. ஓடின ஓட்டத்துக்குச் சாப்பாடு காணாது. மாதவிலக்கு நிண்டதுதான் உடம்பு சொன்ன முதல் கதை. தசையிலை பலம் இருந்தால் எலும்பிலை விழுற அடியும் குறையும். பாரம் தூக்கிற பயிற்சி ஏதும் குடுத்தனீங்களோ?"

கேள்வி எனக்கு. நான் வாயைத் திறப்பதற்குள் தாய் முந்திவிட்டார்.

"அவள் தானாச் செய்தவள், டொக்டர். நான்தான் நிப்பாட்டிப்போட்டன்."

மகள் என்னைப் பார்த்தாள். ஒரு சொல்லும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

எலும்பு சரியாகப் பொருந்தவில்லை. இரண்டாம் முறையும் வெட்டினார்கள். வலது கால் சற்றுக் கட்டையாகிவிட்டது. படிப்பும் அந்த வருடத்தோடு குழம்பி, பல்கலைக்கழகம் இல்லாமல் போனது. இப்போது அவள் ஆடைத் தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்கிறாள். எப்போதாவது நான் வீட்டுக்குப் போனால் தேத்தண்ணி தருவாள். வேலை, மழை, வீட்டுத்திட்டம் என்று எல்லாம் கதைப்பாள். ஓட்டத்தைப் பற்றி மட்டும் கதைக்கமாட்டாள்.

போன வருடம் தாய் என்னை வழியனுப்ப வாசல்வரை வந்து, "என்ரை வாயாலைதான் பிள்ளையின்ரை காலைக் கெடுத்தனான், ரீச்சர்" என்று அழுதார். மாதவிலக்கு நின்றதையும் நோவையும் அவள் முதலில் என்னிடம்தான் சொன்னாள், நான்தான் தட்டிக்கழித்தேன் என்று அப்போதாவது சொல்லியிருக்கலாம். "அழாதேங்கோ அம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

பிறகு நான் படித்தேன், கேட்டறிந்தேன். இன்று என்னிடம் ஓட வரும் பிள்ளைகள் எல்லோரும் பாரம் தூக்குகிறார்கள். மாதவிலக்குத் தவறினால் ஓட்டத்தை நிறுத்தி வைத்தியரிடம் அனுப்புகிறேன். அவர்கள் பலமாக ஓடுவதைப் பார்க்கும்போது எனக்கு ஆறுதல் வருவதில்லை. தெரியாமல் செய்ததை ஒருவேளை யாராவது மன்னிக்கலாம்; எல்லாம் தெரிந்த பிறகும் அந்தத் தாய் என் பழியைச் சுமக்க விட்டு நிற்கிறேனே, அதற்கு மன்னிப்புக் கேட்கக்கூட இன்னும் எனக்குத் துணிவு வரவில்லை.