நான் மூடி வைத்த நாலு தட்டுகள்

நாலைந்து வருடங்களுக்கு முன், ஓர் ஐப்பசி மாதம். பாரிஸ் லா சப்பலில், ரூ பஜோல் என்ற தெருவில் ஓர் இத்தாலிய அம்மாவின் வீட்டில் துப்புரவு வேலை செய்துகொண்டிருந்தேன். அவருடைய கணவர் புற்றுநோயோடு ஆஸ்பத்திரியில் கிடந்தார். எதைக் கொண்டுபோனாலும் முகத்தைத் திருப்பிக்கொள்வார். ஒன்றை மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தார்: கொத்தொஞ்ஞாத்தா.

அது அவர்கள் ஊர் இனிப்பு. பச்சையாகக் கடித்தால் நாக்கு மரத்துப்போகும் குவின்ஸ் என்ற மஞ்சள் பழத்தை அவித்து, மசித்து, சீனி போட்டு எங்கள் ஊர்த் தொதல் அல்வா மாதிரிக் கிண்டுவார்கள். நானும் கூட நின்று கிண்டினேன், கை கழன்றுபோயிற்று. சந்தையில் அந்த வருடத்துக் கடைசிப் பழங்கள் அவை. அந்த அம்மா அதை நாலு தட்டுகளில் ஊற்றி அலுமாரிக்கு மேல் வைத்தார். பத்து நாள் காயவேண்டும், தொடாதே என்றார். காயாததைக் கணவர் வாயில் வைக்கமாட்டாராம். பிறகு வீட்டுக் கதவின் திறப்பை என்னிடம் தந்துவிட்டு, ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் தங்கை வீட்டுக்குப் போய்விட்டார்.

அடுத்த நாள் தூசி தட்டப் போனேன். தட்டுகள் திறந்தபடி இருந்தன. சும்மா இருந்தேனா? மனம் கேட்கவில்லை. பிளாஸ்டிக் தாளால் நாலையும் இறுக்கி மூடிவிட்டு, நல்ல காரியம் செய்த திருப்தியோடு வீட்டுக்கு வந்தேன்.

பத்தாம் நாள் அந்த அம்மா வந்து தாளை உரித்தார். உள்ளே வியர்த்து, நாலு தட்டிலும் பச்சைப் பூஞ்சணம். ஐயோ, அந்த முகம்! என்னைத் திட்டவே இல்லை. கதிரையில் அமர்ந்து, "இன்றைக்குக் கொண்டு வருகிறேன் என்று அவருக்குச் சொல்லிவிட்டு வந்தேன்" என்றார்.

அன்று பின்னேரம் என் கணவரிடம் சொல்லி அழுதேன்.

"ஏனப்பா மூடினனீர்?"

"பல்லி விழுமெண்டுதான்..."

"பாரிசிலை எங்கையப்பா பல்லி?"

பழம் தேடிக் கடை கடையாக அலைந்தேன். எங்கும் இல்லை. ஒரு கடையில் பெட்டியில் அடைத்த கொத்தொஞ்ஞாத்தா கிடைத்தது. அதை அந்த அம்மாவின் கணவர் உதட்டில் வைத்துவிட்டுத் தள்ளிவிட்டாராம். அந்தக் கிழமையே இறந்துபோனார்.

அடுத்த ஐப்பசியில் ஒரு பை நிறையக் குவின்ஸ் வாங்கிக்கொண்டுபோய் அந்த அம்மாவின் கதவைத் தட்டினேன். பையைப் பார்த்தார். "இனி யாருக்கு?" என்று கேட்டுவிட்டு, மெதுவாகக் கதவைச் சாத்திக்கொண்டார்.

தொடாதே என்று அவர் சொன்னது எனக்கு நன்றாகவே விளங்கியிருந்தது. அவரைவிட எனக்குக் கூடுதலாகத் தெரியும் என்ற என் நினைப்பில் ஒரு மனிதரின் கடைசி ஆசை அழுகிப்போனது, அதை நான் இனி எந்தப் பழத்தாலும் ஈடுசெய்ய முடியாது.