ஒன்பது கேப்டன்களும் ஓர் இனாயத்தும்

மயிலாப்பூர் கச்சேரி ரோட்டில் இனாயத்தின் வீடு எது என்று கேட்டால் யாரும் கதவு எண் சொல்ல மாட்டார்கள். "ஏரோப்ளேன் ஓட்றவரு வூடா?" என்று வாசல் வரை கொண்டுவந்து விட்டுப் போவார்கள். உண்மையில் அவன் அப்போது ஏரோப்ளேன் ஓட்டவில்லை. ஓட்டுகிற கேப்டனுக்கு வலப்பக்கத்தில் துணை விமானியாக உட்கார்ந்திருந்தான். இந்த வித்தியாசத்தை அவனுடைய தாயார் ஹாஜிரா பீ தெருவில் ஒருவருக்கும் விளக்கிச் சொன்னதில்லை.

தகப்பனார் கிண்டிப் பந்தயக் குதிரைகளுக்குச் சேணம் தைத்தவர்; மகன் இறக்கை கட்டியதைப் பார்க்க அவர் இல்லை. யுத்தத்தின்போது விமானப் படையில் பறக்கக் கற்றுக்கொண்டு, யுத்தம் முடிந்ததும் இனாயத் எங்கள் கம்பெனிக்கு வந்தான். பட்டாளம் கழித்துக்கட்டிய டகோட்டா விமானங்கள் மூன்று, கேப்டன்கள் ஒன்பது பேர், துணை விமானிகள் கொஞ்சம் பேர். கம்பெனி அவ்வளவுதான். மீனம்பாக்கத்தில் பயணிகளையும் அவர்களுடைய பெட்டிகளையும் எடை போடும் குமாஸ்தா நான். எங்கள் ஊருக்கே நான்தான் முதல் பி.ஏ. என்பதை வேலையில் சேர்ந்த அன்றே எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தேன். அதன் பலன், இனாயத் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. எப்போதும் "பி.ஏ. நைனா"தான்.

1948 ஐப்பசியில் ஒரு நாள், பெங்களூர் விமானத்துக்கு ஆட்கள் ஏறி உட்கார்ந்துவிட்டார்கள். கேப்டன் அய்யாதுரை மேற்கே கறுத்துக் கிடந்த வானத்தைப் பார்த்தார். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர்; வளவளவென்று பேச மாட்டார். "இன்னிக்குக் கிளம்பாது" என்று சொல்லிவிட்டுத் தொப்பியைக் கழற்றினார். மேனேஜர் அவரோடு வாதாடவில்லை. நேரே கான்டீனுக்குப் போனார். அங்கே கேப்டன் ராட்ரிக்ஸ் டீ குடித்துக்கொண்டிருந்தார். டீ பாதியிலே நின்றது, விமானம் கிளம்பியது, பெங்களூருக்குப் பத்திரமாகவே போய்ச் சேர்ந்தது. அதன் பிறகு அய்யாதுரைக்குப் பயணங்கள் குறைந்துகொண்டே வந்தன. அவரைப் பயந்தாங்கொள்ளி என்றும் பேசினார்கள்.

எங்கள் கம்பெனியின் நடைமுறை அப்படி. ஒருவர் மாட்டேன் என்றால் அடுத்தவரைக் கேட்பார்கள். கேட்டுக்கொண்டே போனால் சரி என்கிறவர் ஒருவர் கிடைக்காமலா போவார்?

விமானிகளும் சங்கம் வைத்துக்கொண்டால் என்ன என்ற பேச்சு இதிலிருந்துதான் புறப்பட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அடையாற்றில் அய்யாதுரையின் வீட்டில் கூடுவதாக ஏற்பாடு. அதற்கு முந்தைய வெள்ளிக்கிழமை மேனேஜர் இனாயத்தை அழைத்தார்.

"தை மாசம் திருவனந்தபுரம் சர்வீஸ் ஆரம்பிக்கிறோம். புது கேப்டன் ஒருத்தர் வேணும். சீனியாரிட்டிப்படி நீதான். அடையாற்றிலே ஏதோ கூட்டமாமே? கேப்டன்கள் போனா போகட்டும். உனக்கு அங்கே என்ன வேலை?"

இனாயத் தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டான். மேனேஜர் சொன்னதில் முன்பாதியை மட்டும் தாயாரிடம் சொன்னான். மறுநாளே கச்சேரி ரோடு முழுக்க அவன் கேப்டன் ஆகிவிட்டான்.

ஞாயிற்றுக்கிழமை மாலை அவனுடைய சைக்கிளில் நான் பின்னால் தொற்றிக்கொண்டேன். தீர்மானங்களை எழுத ஒரு பி.ஏ. வேண்டும் என்று அய்யாதுரை எனக்குச் சொல்லி அனுப்பியிருந்தார். எல்பின்ஸ்டன் பாலத்தில் எதிர்க்காற்று.

"பி.ஏ. நைனா, நீ பட்ச்சவன். சொல்லு. சங்கத்துல சேந்தா எனக்கு இன்னா லாபம்?"

பொருளாதாரப் பாடத்தில் படித்ததை எடுத்துவிட்டேன். கூட்டுப் பேரம், உழைப்பாளியின் பேர வலிமை என்று பாலத்தின் பாதி தூரம் வரை வந்தது.

"அடப்போப்பா! உன்னியும் மிதிச்சிக்கினு, உன் லெச்சரையும் மிதிக்கணுமா? சேந்தா கேப்டன் வேல பூடும். சேரலன்னா, கேப்டனா குந்துற அன்னிக்கு அய்யாதுரைக்கு வந்தது எனக்கு வரும். நான் மாட்டேன்னா எவனோ ஓட்டிக்கினு போவான்."

"அப்ப என்ன செய்யப் போறீங்க?"

"சும்மா பாத்துட்டு வருவோம். வாயத் தொறக்க மாட்டேன்."

அய்யாதுரை வீட்டுக் கூடத்தில் ஒன்பது கேப்டன்களும் உட்கார்ந்திருந்தார்கள். அவரவர் விமானத்தில் அவரவர் சொன்னதே முடிவு என்று பழகியவர்கள். அடுத்தவர் சொல்லி எதையும் செய்து வழக்கமில்லை. "நாம என்ன மில் கூலியா? சங்கம்னே சொல்லாதீங்க" என்றார் ஒருவர். "கில்டுன்னு வைங்க" என்றார் இன்னொருவர். யார் தலைவர் என்ற கேள்வி வந்ததும் ஒன்பது பேரும் ஒரே சமயத்தில் பேச ஆரம்பித்தார்கள். எனக்கு எதை எழுதுவது என்றே தெரியவில்லை. ஒரு வரியை எழுதிய கையோடு, "அதை அடிங்க" என்று இன்னொருவர் உத்தரவிட்டார்.

அய்யாதுரையின் மனைவி சரோஜாதேவி காபித் தட்டோடு வந்து நின்று பார்த்தார்.

"ஏங்க, ஒரே ப்ளேன்ல இத்தனை கேப்டன் ஏறுனா அது தரைய விட்டுக் கிளம்புமா? பேசாமக் காப்பியக் குடிங்க."

எல்லோரும் காபியை எடுத்தார்கள். கிடைத்த அந்த அமைதியில், மூலையில் நின்றிருந்த இனாயத் என் கையிலிருந்த காகிதத்தை வாங்கினான். விமானம் கிளம்புமுன் துணை விமானி ஒவ்வொரு அம்சமாக உரக்கப் படிப்பான். கேப்டன் சரிபார்த்து 'செக்' என்று பதில் சொல்வார். பதில் வரும்வரை அடுத்த அம்சத்துக்குப் போகக் கூடாது. அந்தக் குரலில்தான் இனாயத் காகிதத்தில் இருந்ததையும் இல்லாததையும் படித்தான், ஏற்ற இறக்கமே இல்லாமல்.

"பேரு, கில்ட்."

"செக்" என்றன நாலைந்து குரல்கள். சொன்ன பிறகுதான் சொன்னது அவர்களுக்கே தெரிந்தது.

"தலைவர், கேப்டன் அய்யாதுரை."

"செக்."

"தலைவரா? நான் எப்ப வே சரின்னு சொன்னேன்?" என்று அய்யாதுரை எழுந்தார். இனாயத் அவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, அடுத்ததற்குப் போய்விட்டான்.

"மெம்பர் ஒருத்தர் கிளம்ப மாட்டேன்னு சொன்ன ப்ளேனை வேற மெம்பர் தொடக் கூடாது."

எல்லோரும் வேறு எங்கோ பார்த்தார்கள். ராட்ரிக்ஸ் மட்டும் தம்முடைய காபி டம்ளரையே பார்த்தார். இனாயத் காத்திருந்தான். பதில் வராமல் அவனால் நகர முடியாது. அவனுக்கு அது ரத்தத்தில் ஊறியிருந்தது.

"அன்னிக்கு எனக்கும் பயமா இருந்திச்சு, மேன்" என்றார் ராட்ரிக்ஸ் கடைசியில், அய்யாதுரையைப் பார்த்து. "கேட்டாங்க. நோ சொல்ல வெக்கமா இருந்திச்சு." பிறகு இனாயத்தின் பக்கம் திரும்பி, "செக்" என்றார்.

கூடவே மற்ற எட்டுக் குரல்களும் வந்தன.

"செக்ரட்டரி" என்று படித்துவிட்டு இனாயத் நிறுத்தினான். காகிதத்தில் அந்த இடம் காலியாக இருந்தது. ஒன்பது பேரும் அவனைப் பார்த்தார்கள். அவன் என்னைப் பார்த்தான். நான் தரையைப் பார்த்தேன்.

"செக்" என்றான், தனக்குத்தானே.

திரும்பி வரும்போது பாலத்தில் சைக்கிளை மெதுவாகவே மிதித்தான். "அம்மீக்கு இன்னா பதில் சொல்றது நைனா?" என்று மட்டும் ஒரு தடவை கேட்டான்.

திங்கட்கிழமையே மேனேஜருக்குச் செய்தி எட்டிவிட்டது. திருவனந்தபுரம் சர்வீஸுக்குக் கேப்டனாகச் சுந்தரராமன் என்று அறிவித்தார். சுந்தரராமன் மயிலாப்பூர் தெற்கு மாட வீதிப் பையன், அவனும் துணை விமானி, நல்லவன், வேலையில் இனாயத்துக்கு ஒரு வருஷம் இளையவன். புதுக் கேப்டனோடு மூத்த கேப்டன் ஒருவர் கூடப் பறந்து பார்த்து, தேறிவிட்டான் என்று சொன்னால்தான் பதவி. மேனேஜர் ராட்ரிக்ஸிடம் சொன்னார். "முதல்ல இனாயத். அப்பறம் இந்தப் பையன்" என்றார் ராட்ரிக்ஸ். மேனேஜர் மற்ற மூத்தவர்களைக் கேட்டார். அவர்களுக்கும் அதே பாட்டு. யாரும் வேலையை நிறுத்தவில்லை, கொடி பிடிக்கவில்லை. வரிசையை மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை.

சுந்தரராமன் கச்சேரி ரோட்டுக்கே வந்து சண்டை பிடித்தான். நான் அப்போது ஹாஜிரா பீ கொடுத்த சேமியாவைத் தின்றுகொண்டிருந்தேன்.

"ஏன்டா இனாயத், உன் சங்கத்தால எனக்கு வந்த சான்ஸ் போயிடுத்து. ஆத்துல அம்மா பாயசமே வெச்சுட்டா, தெரியுமோ?"

"எங்க வூட்ல மட்டும் இன்னாவாம்? தெரு பூரா சொல்லி வெச்சிக்கீது. குந்து. இன்னிக்கு என்னத் தாண்டி உன்ன வெச்சா, நாளைக்கு உன்னத் தாண்டி இன்னொருத்தன வெப்பாரா, மாட்டாரா?"

சுந்தரராமன் உட்கார்ந்தான். "வெப்பார். அவர் மச்சினன் பிள்ளை ஒருத்தன் பம்பாய்ல கத்துண்டிருக்கான்" என்றான், கசப்போடு.

"அப்ப சேமியா துன்னு. கில்ட்ல சேரு."

இரண்டும் நடந்தன. சர்வீஸ் ஆரம்பிக்கும் நாள் விளம்பரமாகிவிட்டது. ஓட்ட ஆள் இல்லை. மேனேஜர் மார்கழி முழுக்க முறுக்கிக்கொண்டிருந்துவிட்டுக் கடைசியில் இறங்கி வந்தார். இனாயத்தோடு ராட்ரிக்ஸ் பறந்து பார்த்தார். "ஃபர்ஸ்ட் கிளாஸ், மேன்" என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்.

முதல் பயணத்தன்று ஹாஜிரா பீ கச்சேரி ரோட்டுப் பெண்களில் பாதிப் பேரை அழைத்துக்கொண்டு மீனம்பாக்கம் வந்துவிட்டார். பத்திரிகைக்காரர்களும் வந்திருந்தார்கள். பரங்கிமலையே தெரியாத அளவுக்கு மூடுபனி. இனாயத் விமானத்தைச் சுற்றி வந்தான், பனியைப் பார்த்தான், "வெலகட்டும்" என்றான். மேனேஜர் கடிகாரத்தையும் பத்திரிகைக்காரர்களையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, கான்டீனுக்கு நடந்தார். மனசு கேட்காமல் நானும் பின்னால் போனேன்.

"ராட்ரிக்ஸ், ப்ளேன் ரெடியா நிக்குது."

"ப்ளேன் ரெடிதான், சார். கேப்டன் ரெடி இல்லியே."

"நீங்க எடுத்துட்டுப் போங்களேன்."

"எப்படி சார்? அது இனாயத்து ப்ளேன்." ராட்ரிக்ஸ் டீயில் சர்க்கரை குறைவாக இருப்பதாகச் சொல்லி இன்னொரு ஸ்பூன் கேட்டார்.

நான் வெளியே வந்தபோது ஹாஜிரா பீ என் கையைப் பிடித்துக்கொண்டார். முகம் வாடியிருந்தது.

"இன்னா பேட்டா இது? எல்லாரும் பாத்துக்கினு கீறாங்க. கேப்டன் ஆயிட்டு, கெளம்ப மாட்டேன்னு குந்திக்கினு கீறானே?"

"அம்மா, அவர் சொன்னாத்தான் அது கிளம்பும். மேனேஜர் சொன்னாக்கூட நடக்காது."

அவர் என்னை ஒரு கணம் உற்றுப் பார்த்தார். பிறகு பெண்கள் பக்கம் திரும்பினார்.

"கேட்டீங்களாடி? என் புள்ள சொன்னாத்தான் கெளம்புமாம்! மேனேஜர் தொர சொன்னாக்கூட நடக்காதாம்!"

பயணிகளிடமும் ஒவ்வொருவராகப் போய் அதையே சொன்னார். பனி விலகி வெயில் வருவதற்குள் பத்திரிகைக்காரர்களுக்கும் சொல்லி முடித்திருந்தார்.